நடையா, ஜிம்மா, கடலா, மிதியா: ஒரு தையல்காரியின் கணக்கு

சித்திரை வெயிலுக்கு அம்மா வீட்டிலிருந்து வந்த ஒரு மூட்டை குண்டு மிளகாயை மொட்டை மாடியில் காயப் போட்டிருந்தேன். மதியம் மூன்று மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கோடை மழை. ஓடிப்போய் அள்ளிக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கும்போது மூன்றாவது படியில் கால் வழுக்கிவிட்டது. மிளகாய் நனையவில்லை. இடது கணுக்கால் எலும்பு விட்டுப்போய், ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரித்த அன்று ராத்திரி இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். வலது 13½. இடது 12½. ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் என்கிற கடலோர ஊரில் இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்கள் உடம்பை அளந்து நோட்டில் எழுதுகிறவள் நான். பிள்ளை பெற்று இடுப்பு கூடியவர்கள், மகளுக்குக் கல்யாணம் முடித்த கையோடு இளைத்துப் போனவர்கள் என்று எல்லாரும் அந்த நோட்டில் இருக்கிறார்கள். ஆறே வாரத்தில் ஒரு அங்கம் ஒரு இஞ்ச் சுருங்கியதை அன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதினேன்.

மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தரையில் வைத்தேன். பாதம் பச்சைப்பிள்ளை பாதம் மாதிரி ஆகியிருந்தது. தையல் அறைத் தரையில் எப்போதும் நூல் துண்டுகள் கிடக்கும். இத்தனை வருடம் மிதித்திருக்கிறேன், தெரிந்ததே இல்லை. அன்றைக்கு ஒவ்வொரு நூலும் உள்ளங்காலில் தட்டுப்பட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துணி வெட்ட முடியவில்லை. விழுந்த ஊசியை எடுக்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"இனிமேல் உடம்பை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னார். எதைச் செய்வது என்று சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நான்கைந்து வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். என்னைப் போல ஐம்பதைத் தொடுகிற வயதில், இந்தக் கரையோரத்தில் இருந்துகொண்டு எதைப் பிடித்துக்கொள்வது என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். எதில் எவ்வளவு கலோரி எரியும் என்ற கணக்கு இதில் இருக்காது. மனசு வராத நாளில் எது என்னைப் பாயிலிருந்து எழுப்பியது என்பதுதான் என் அளவுகோல்.

ஒரு பொது அளவை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரியான வேலை வாரத்துக்கு 150 நிமிடமாவது. அதோடு இரண்டு நாளாவது சதைக்குப் பலம் தருகிற பயிற்சி. முதல் பாதியை எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டாவது பாதி எனக்கு ஜிம்முக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அதனால் ஜிம்மிலிருந்தே தொடங்குகிறேன். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கும் இடம் எனக்குத் தெரிந்து ராமநாதபுரத்தில்தான் இருந்தது. பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மூன்று மாதத்துக்கு 3,000 ரூபாய் கட்டினேன். கட்டின பணம் வீணாகக் கூடாது என்கிற நினைப்பே என்னை இழுத்துக்கொண்டு போகும் என்று நம்பினேன். மொத்தமே ஒன்பது தடவை போனேன். கணக்குப் போட்டால் தடவைக்கு 333 ரூபாய்; அந்தக் காசுக்கு லைனிங் வைத்து ஒரு ஜாக்கெட் தைத்துவிடுவேன். போன பணம் போனதுதான் என்று மனசு எவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகிவிடுகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

ஆனால் ஜிம்மைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே சொல்லிக்கொடுத்த தங்கச்சி மூன்று விஷயம் காட்டினாள்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பது. மூன்றுக்கும் கருவி வேண்டாம். என்னை விழவைத்த அதே மூன்றாவது படியில் நின்றுதான் குதிகாலைத் தூக்குகிறேன். முதல் நாள் இடது காலில் நான்கு தடவைக்கு மேல் முடியவில்லை. ராமநாதபுரத்திலேயே குடியிருந்து, வாரம் இரண்டு நாள் ஒதுக்க முடிகிறவர்கள் கட்டாயம் போகலாம். மண்டபத்திலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ போய் வருவதென்றால், ஒரு மாதம் போய்க் கற்றுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது கைபேசி. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் அடி எண்ணும் செயலியைப் போட்டுவிட்டாள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி. இந்தப் பத்தாயிரம் எந்த வைத்தியரும் கண்டுபிடித்த எண் இல்லை. 1965ல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலேயே இருந்த எண், அப்படியே உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு 8,700ல் நின்றது. ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். வீட்டுக்காரர் டிவியை நிறுத்திவிட்டு, "என்னத்தத் தொலைச்ச?" என்று கேட்டார். எண் ஏறுவதைப் பார்க்க முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு நடந்தபோது, நடந்ததே வீண் என்று எனக்குத் தோன்றியது. அன்றோடு அதை விட்டேன்.

இனி நடை. இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு நடந்தே போய்விடலாம். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கரையில் நடந்தால் மணல் முகத்தில் அறையும். அப்போது வடகடல் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி கிடக்கும். வாடை தொடங்கியதும் அப்படியே தலைகீழ். வைகாசி முதல் புரட்டாசி வரை வடக்கு, ஐப்பசிக்குப் பிறகு தெற்கு என்று மாற்றிக்கொண்டால் வருடம் முழுக்க நடக்கக் கரை கிடைக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வயிறெரிய வேண்டியதுதான்.

ஆனால் மணலில் நடப்பது தார்ரோட்டில் நடப்பது போல இல்லை. கால் புதைகிற பொலபொல மணலில் அதே தூரம் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஆரோக்கியமான காலுக்கு அது நல்லது. புதிதாக ஒட்டின எலும்புக்கு அதிகம். அலை தொட்டுப் போன ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதில் நடந்தேன். அதிலும் ஒரு தப்புச் செய்தேன். போகும்போது கரையில் போய், வெயில் ஏறிவிட்டதென்று ரோடு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். இரண்டே வாரத்தில் கணுக்கால் வீங்கியது. கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. ஒரே திசையில் நடந்தால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். போன வழியிலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சரிக்குச் சரியாகிவிடும். அளவெடுத்துப் பிழைக்கிறவளுக்கே இது புரிய இரண்டு வாரம் ஆனது.

இன்னும் சில தொல்லைகள். வாடையில் கடல் தாழை என்கிற கடற்புல் மெத்தை மெத்தையாக ஒதுங்கி அழுகும்; நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டாலும் கால் வைத்தால் வழுக்கும். கரைக்குப் போகிற பாதையில் சீமைக்கருவேல முள். நாய்களுக்காகக் கையில் ஒரு கம்பு. மணலில் வெறுங்காலோடு நடப்பது நல்லதென்று பலர் சொல்வார்கள். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் அதைக் கேட்க வேண்டாம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை; ஒரு தடவை கிளிஞ்சல் கீறியதே அவருக்குத் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் செருப்பெல்லாம் ரத்தம். உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வாரோடு கூடிய நல்ல செருப்பு கட்டாயம் வேண்டும்.

சரி, இத்தனை தொல்லைக்கு நடுவில் என்னை எழுப்பியது எது? பக்கத்து வீட்டு ராத்தா; முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு எட்டு வயது மூத்தவர். அதிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு நேராக எங்கள் கேட்டைத் தட்டுவார். "தங்கச்சி, செருப்ப மாட்டு" என்பார், அவ்வளவுதான். நான் வந்தாலும் வராவிட்டாலும் அவர் எழுந்துவிடுவார்; அவருடைய நேரம் என் மனநிலையைப் பார்த்துக்கொண்டிருக்காது. அதுதான் பலம். நடைக்கு ஆள் தேடுகிறவர்கள் தன்னைப் போலவே சோம்பல்படும் தோழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து தூங்குவார்கள். ஏற்கெனவே அந்த நேரத்துக்கு வேறு காரணத்துக்காக எழுந்திருக்கிற ஆளைப் பிடியுங்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. நோன்பு மாதத்தில் ராத்தா காலை நடைக்கு வரவில்லை. அந்த முப்பது நாளில் நான் நடந்தது ஆறே நாள். அவ்வளவு பேசின நானே ஆறு நாள்.

"ஒரு பெரிய இலக்கு வைத்துக்கொள், தானாக நடப்பாய்" என்று தம்பி சொன்னான். சாதனைக்காரர்களுக்கு எங்கள் கடலில் பஞ்சமில்லை. மிஹிர் சென் 1966ல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்தினார். குற்றாலீஸ்வரன் 1994ல் பன்னிரண்டு வயதில் நீந்தினார். ஆட்டிசம் உள்ள ஜியா ராய் 2022 மார்ச்சில், பதின்மூன்று வயதில், இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் பதின்மூன்று மணி நேரத்தில் நீந்தி வந்தார். அந்தப் பெண்ணின் செய்தியைப் படித்து நான் கைதட்டினேன். கைதட்டிவிட்டு டீ போடப் போனேன். மற்றவர்கள் சாதனை எனக்கு அவ்வளவுதான் செய்யும்.

ஆனால் சின்ன இலக்கு ஒன்று வேலை செய்தது. கட்டுப் பிரித்து நான்கு மாதம் கழித்துப் பாம்பன் ரோட்டுப் பாலத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடப்பது என்று முடிவு செய்தேன். 1988ல் திறந்தது, இரண்டே கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்கு முன் பஸ்ஸில் நூறு தடவை கடந்திருக்கிறேன், ஒரு தடவையும் நடந்ததில்லை. நடுவில் காற்று முந்தானையைப் பிடுங்கியது, லாரி போகும்போது பாலம் லேசாக அதிர்வது காலில் தெரிந்தது. நடுவில் நின்று பார்த்தபோது 1914ல் கட்டின பழைய ரயில் பாலமும், 2025ல் திறந்த புதுப் பாலமும் பக்கம் பக்கமாக நின்றன. பாம்பன் பக்கம் போய்ச் சேர்ந்து ஒரு தேங்காய்ப் பால்பன் வாங்கித் தின்றுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். இலக்கு முடிந்த மறுவாரம் மூன்று நாள் நடக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இலக்கு என்பது திருவிழா மாதிரி. கொடி இறங்கினால் தெரு வெறிச்சோடிவிடும்.

அடுத்த வழி, கடலுக்குள் இறங்குவது. இதை எனக்குச் சொன்னவர் என் வாடிக்கையாளர், கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிற பெண். வயது அறுபது இருக்கும். அவருடைய வலைப்பையின் வாய்க்கு நான்தான் நாடா வைத்துத் தைத்துக் கொடுப்பேன். என் நோட்டில் பெரும்பாலானவர்கள் கைச்சுற்றளவு மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை மாறும். "கை பிடிக்குதுக்கா, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று வருவார்கள். இவருடைய கை பதினைந்து வருடமாக அதே அளவு. டேப்பைச் சுற்றும்போது முறுக்கின கயிற்றைச் சுற்றுகிற மாதிரி இருக்கும்.

கச்சான் நாளில் ஒரு காலை, வடகடலில் இடுப்பளவு தண்ணீரில் அவரோடு இறங்கினேன். இடுப்பளவில் நம் எடையில் பாதிதான் காலுக்கு இறங்குகிறது. மார்பளவு போனால் மூன்றில் ஒரு பங்குதான். தரையில் நான்கு எட்டு வைத்தாலே முனகிய கணுக்கால், தண்ணீருக்குள் கால் மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. நடக்கிற நடைக்குத் தண்ணீர் எதிர்ப்பும் தருகிறது, அதனால் சதைக்கும் வேலை. மூட்டுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி இந்தக் கரையில் இல்லை என்பது என் முடிவு. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தனியாகப் போகக் கூடாது, தெற்குக் கடலில் வேண்டவே வேண்டாம், அங்கே ஆழமும் இழுப்பும் வேறு. காலைத் தூக்கி வைக்காமல் தரையை உரசி உரசி நகர வேண்டும். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அந்த அதிர்வுக்கு விலகிவிடும். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை முக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சொறி என்கிற ஜெல்லி மீன் ஒதுங்கும் நாட்களில் இறங்கவே கூடாது.

அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏ புள்ள, தண்ணிக்குள்ள சும்மா நடக்கவா வந்த? ஒரு பையக் கட்டிக்க. நடந்தமாதிரியும் இருக்கும், நாலு காசும் வரும்." சிரித்துவிட்டு மூச்சைப் பிடித்து முங்கினார். நான் மனதுக்குள் எண்ணினேன், நாற்பது வரை வந்தேன். கை நிறையப் பாசியோடு மேலே வந்தார்.

அவரைக் காட்டி "பார், உழைக்கிற உடம்பு" என்று பாடம் நடத்த எனக்கு விருப்பமில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டும் பாறை கிழித்த தழும்புகள் அவர் கையில் உண்டு. ராத்திரி இடுப்பு வலியில் புரண்டு படுக்கக் கூட முடியாது என்பார். பிழைப்புக்காக உடம்பை வருத்துவதும், உடம்புக்காக அரை மணி நேரம் ஒதுக்குவதும் ஒன்றல்ல. எனக்கு அந்த அரை மணி கிடைக்கிறது என்பதையே அன்றைக்குத்தான் யோசித்தேன்.

கடல் வழியில் எனக்கு இருக்கும் பெரிய தடை உடுப்பு. ஈர நைட்டியோடு கரையேறி வீடு வரை நடக்கிற தைரியம் எல்லாருக்கும் வராது. எனக்கும் முதலில் வரவில்லை. கடைசியில் நானே முழங்காலுக்குக் கீழ் வரை வருகிற, உடம்பில் ஒட்டாத, கறுப்புத் துணியில் ஒரு சட்டையும் பைஜாமாவும் தைத்துக்கொண்டேன். இப்போது ராத்தா உட்பட நான்கு பேர் அதே மாதிரி கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். ஆனாலும் கச்சான் மாதங்களில் வாரம் இரண்டு நாளைக்கு மேல் கடல் எனக்கு நடப்பதில்லை.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒரு வழி. கட்டுப் பிரித்ததும் பிசியோதெரபி பார்த்தவர், பாதத்தை மேலும் கீழுமாக அசைக்கச் சொன்னார்: முப்பது தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. நான் நாற்காலியில் உட்கார்ந்து அசைத்துக் காட்டினேன். எங்கேயோ செய்த அசைவு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து மெஷினைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முன்பாதம், குதிகால், முன்பாதம், குதிகால். தையல் மெஷின் மிதிக்கிற அசைவு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மோட்டார் மாட்டினேன். அதற்குப் பிறகு வலது கால் லேசாக அழுத்தினால் போதும், இடது காலுக்கு வேலையே இல்லை. எலும்பு விடுவதற்கு முன்னாலேயே அந்தக் காலை நான் சும்மா உட்கார வைத்துவிட்டேன்.

மோட்டார் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பழைய தோல் பெல்ட்டைப் போட்டு, மிதிப்பலகைக்கு எண்ணெய் விட்டேன். முதல் வாரம் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்துகொண்டே இருந்தது. பதினெட்டு வயதில் பழகும்போது திட்டு வாங்கின அதே தப்பு. மோட்டாரில் முக்கால் மணியில் முடிகிற ஜாக்கெட் மிதித்தால் ஒரு மணிக்கு மேல் ஆகிறது. மூச்சு வாங்காது, அதனால் 150 நிமிடக் கணக்கில் இதைச் சேர்க்க முடியாது. ஆனால் விடாமல் நடப்பது இது ஒன்றுதான். மழை, நோன்பு, நாய், பஸ், உடுப்பு எதுவும் இதைத் தடுக்காது. மனசு வருகிறதா என்று கேட்டுக்கொள்ளத் தேவையில்லை. ஜாக்கெட் நாளைக்குக் கொடுத்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், நான் பிடித்துக்கொண்டது இது: வாரம் ஐந்து நாள் ராத்தாவோடு காற்றைப் பார்த்துக் கரையை மாற்றி நடை, வீட்டுப் படியில் அந்த மூன்று பயிற்சிகள், கச்சான் காலத்தில் இரண்டு நாள் தண்ணீர், தினமும் மிதி. மூட்டு மோசமாக இருப்பவர் தண்ணீரை முதலில் வைக்கட்டும். தனியாளாக இருப்பவர் அடியை எண்ணாமல் ஆளைத் தேடட்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்கிறவர், முன்பு கையாலோ காலாலோ செய்துகொண்டிருந்த எந்த வேலையை மோட்டாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு தடவை வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் திரும்ப வாங்கச் சொல்லவில்லை. மாவாட்ட நான் ஆட்டுக்கல்லுக்குத் திரும்ப மாட்டேன்.

பயம், நன்றி என்றெல்லாம் ஆரம்பத்தில் நிறைய நினைத்தேன். நூல் துண்டு காலில் பட்டதை மறக்கவே மாட்டேன் என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் பாதம் காய்த்துவிட்டது, நூல் தெரிவதில்லை, நானும் மறந்துவிட்டேன். அதனால் வாடிக்கையாளர் நோட்டில் என் பெயருக்கு ஒரு பக்கம் போட்டு, மாதம் ஒரு தடவை இரண்டு காலையும் அளந்து எழுதுகிறேன். ஆறு வாரத்தில் போன ஒரு இஞ்சில் முக்கால் இஞ்ச் திரும்ப ஒரு வருடம் ஆனது. போன மாதம் இடது 13¼.

மோட்டார் பெல்ட் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. தீபாவளிக்கு முந்தின பத்து நாள் அதை மாட்டித்தான் ஆக வேண்டும், அறுபது ஜாக்கெட் மிதித்துத் தைக்க முடியாது. தீபாவளிக்கு மறுநாள் கழற்றச் சொல்லி ராத்தாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.